படுத்தவனுக்கே ஊசி

1968-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி, திங்கட்கிழமை. தை அமாவாசை. எழுந்ததும் செய்கிற காரியங்களை வரிசை மாறாமல் செய்தேன். சன்னலைத் திறக்கவில்லை. பனி முழுவதும் இறங்கி, வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் வீட்டில் சன்னல் திறக்கும். வெந்நீரில் வாய் கொப்பளித்தேன். எஃபெட்ரின் மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொண்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். செய்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அப்போது திருவள்ளூரில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் நான் புக்கிங் கிளார்க். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இப்படிப்பட்டவன் தவிடு, புண்ணாக்கு, சாக்குத் தூசி இவற்றின் நடுவே நாற்காலி போட்டு உட்காரலாமா என்று கேட்பீர்கள். எங்கள் முதலாளியும் கேட்டார். கேட்டுவிட்டு, "பரவால்லப்பா, மூக்குல துணி கட்டிக்கோ" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

தை அமாவாசை என்றால் எங்கள் ஊர் எங்களுடையதாக இருக்காது. மெட்ராசிலிருந்தும் ஆந்திராப் பக்கமிருந்தும் முந்தின நாளே ஜனம் வந்து இறங்கிவிடும். கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு, பெரியவர்களுக்குத் தர்ப்பணம் விட்டு, உடம்பில் நோய் இருக்கிறவர்கள் வெல்லத்தைக் குளத்தில் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல வியாதி கரையும் என்பது நம்பிக்கை. அன்று ஆபீஸ் வாசலில் படுத்திருந்த குடும்பங்களைத் தாண்டித்தான் பூட்டைத் திறந்தேன்.

இந்தத் தடவை நல்ல வெல்லம்

பகல் ஏறிய நேரத்தில் கோவிந்தசாமி வந்தார். என் மனைவியின் அண்ணன். திருவாலங்காட்டில் நெல் விவசாயம். ஆள் நெற்குதிர்போல இருப்பார். ஈர வேட்டி, வெற்று மார்பு, நெற்றி நிறைய நாமம். தர்ப்பணம் கொடுத்த கையோடு வந்திருந்தார். ஊருக்குப் போய்க் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். அதுவரை பச்சைத் தண்ணீரும் கிடையாது.

"மாப்ளே, உன் பேர்ல வெல்லம் கரைச்சிட்டு வரேன். இனிமே உனக்கு இழுக்காது, பாரு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க மச்சான்."

"போன வருஷ வெல்லம் மண்ணு. கடைக்காரன் ஏமாத்திட்டான். இது நம்ம ஊட்டு வெல்லம்."

எனக்காக அவர் இதுவரை கரைத்த வெல்லத்தை வைத்து ஒரு மிட்டாய்க் கடை திறந்திருக்கலாம். பெருமாள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் குளத்து மீன்கள்தான் கொழுத்தன என்பது என் கணிப்பு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டூர் மிளகாய் ஏற்றிய லாரி வந்து நின்றது. மூட்டை இறக்குகிறவர் முதல் மூட்டையை என் மேசைக்கு அருகில் போட்டார். தையல் விட்டுப்போன மூட்டை. வாய் பிளந்துகொண்டது.

சிவப்பாக ஒரு புகை எழுந்தது. ஆபீசில் இருந்த எல்லாரும் தும்மினார்கள். தும்மிக்கொண்டே சிரித்தார்கள். நான் தும்மவில்லை. தும்மக்கூட மூச்சு வேண்டும்.

ஆஸ்துமாவில் காற்று உள்ளே போகாது என்று நினைப்பவர்கள் பலர். போகும். போனது வெளியே வராது. வாடகைக்குக் குடிவந்தவன் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வது போல. பழையது காலி செய்யாமல் புதியதற்கு இடம் ஏது? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன். மீதி இருந்த பாதி மாத்திரையையும் போட்டுப் பார்த்தேன். அது வேலை செய்யவில்லை.

ஊரெல்லாம் வைத்தியர்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து சொல்ல ஜனங்கள் தயங்குவார்கள். இளைப்புக்காரனைக் கண்டால் தயங்க மாட்டார்கள். நான் ஆடாதோடை குடித்திருக்கிறேன், தூதுவளை தின்றிருக்கிறேன். புறா ரத்தம் என்று ஒருவர் கிண்ணத்தோடு வந்தார்; அன்றைக்கு மட்டும் எனக்கு ஓட மூச்சு இருந்தது.

பொதட்டூர்பேட்டையில் நான் பள்ளிக்கூடம் படித்தபோது என் சித்தப்பா ஊமத்தை இலையைக் காயவைத்து, பீடிபோலச் சுருட்டிக் கொடுத்தார். இழுத்தால் நெஞ்சு திறக்கும் என்றார். உண்மையிலேயே கொஞ்சம் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றவைத்தேன். கணக்கு வாத்தியார் பிடித்துவிட்டார். "ஆஸ்துமாவுக்கு சார்" என்றேன். பீடிக்கு அடித்தது போக, பொய்க்கு என்று தனியாக அடித்தார்.

கல்யாணத்தின்போதும் இதே கதைதான். என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்த அன்று எனக்கு நல்ல இழுப்பு. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். கோவிந்தசாமி வெளியே போய், "பையன் ரொம்ப அடக்கம். ஒரு வார்த்தை கூட அதிகமா பேசல" என்று சான்றிதழ் கொடுத்து, அன்றே நிச்சயம் செய்துவிட்டார். கல்யாணமான முதல் பனிக்காலத்தில் என் மனைவி சரோஜா அவரைக் கூப்பிட்டு, "இவரோட அடக்கத்த ராத்திரியில வந்து கேளுண்ணா" என்றாள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவர் ஆண்டுதோறும் வெல்லம் கரைக்கிறார் என்று நினைக்கிறேன். தங்கைக்குச் செய்த காரியத்துக்குப் பெருமாளிடம் வட்டி கட்டுகிறார்.

கோவிந்தா

மிளகாய்க்குத் திரும்புகிறேன்.

கோவிந்தசாமி என் முகத்தைப் பார்த்தார். வெல்லத்தைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. தெருவில் போய் ஜட்கா ஒன்றை நிறுத்தினார். ஜட்காக்காரர் சிரித்தார்.

"இன்னா பெரியவரே, இந்தக் கும்பல்ல குதிர பூருமா? மனுசனே பூர முடில."

உடனே கோவிந்தசாமி என்னைத் தூக்கி உப்பு மூட்டையாக முதுகில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து பட்டினி கிடக்கும் மனிதர். ஆனால் நான் அப்போது மிளகாய் மூட்டையைவிட எடை குறைவுதான்.

ஈர வேட்டியும் நாமமுமாக ஒருவர் இன்னொருவரை முதுகில் சுமந்துகொண்டு ஓடுவதைப் பார்த்த ஜனம், ஏதோ பெரிய வேண்டுதல் என்று முடிவு செய்தது. யாரோ "கோவிந்தா" என்றார்கள். தெரு முழுக்கத் திரும்பச் சொன்னது. ஒரு தெலுங்கு அம்மாள் குறுக்கே வந்து கோவிந்தசாமியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேண்டுதல் இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறேன், வழி உடு."

"அலாகே நைனா, அலாகே" என்று, அப்படியே ஆகட்டும் என்ற பாவனையில், அந்த அம்மாள் மறுபடி காலைத் தொட்டார்.

நான் கோவிந்தசாமியின் தோளில் கன்னத்தை வைத்து, உள்ளே சிக்கிய காற்றைச் சிறுகச் சிறுக வெளியேற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூச்சு விசிலடிப்பதுபோல அவர் காதருகில் கேட்டிருக்கும். "வந்துட்டம் மாப்ளே, வந்துட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கூட வந்தவர்கள் வெளியே

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுவதாக இல்லை. எனக்கு இன்னும் இழுப்பு நிற்கவில்லை. நாளைக்கே அங்கே போக வேண்டியிருக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. வராந்தா முழுக்கக் குளத்திலிருந்து வந்தவர்கள். பட்டினியோடு வெயிலில் நின்று, முழுக்குப் போட்டு, தர்ப்பணம் முடித்து மயங்கி விழுந்தவர்கள். அமாவாசைக்கு அமாவாசை இந்தக் கூட்டம் வரும்போலிருக்கிறது. அதைச் சமாளிக்க அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். வார்டு ஆள் ஏழுமலை அதை வாசலிலேயே அறிவித்துக்கொண்டிருந்தார்.

"படுத்துக்கினு கீறவங்க பேஷண்டு. உக்காந்துக்கினு கீறவங்க கூட வந்தவங்க. கூட வந்தவங்கல்லாம் வெளிய போய்க்கினே இருங்க."

மயக்கக்காரர்களுக்கு இது நல்ல முறை. மயங்கியவன் படுத்திருப்பான், மயங்காதவன் உட்கார்ந்திருப்பான். ஆனால் ஆஸ்துமாக்காரனால் படுக்க முடியாது. படுத்தால் நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்ததுபோல ஆகிவிடும். குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சமாவது மூச்சு. அந்த முறையை வகுத்தவர்கள் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

கோவிந்தசாமி என்னை ஒரு ஸ்டூலில் இறக்கினார். அருகில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. "ஒரு நிமிஷம் மாப்ளே, கண்ணு இருட்டுது" என்றவர், அதில் அப்படியே சாய்ந்தார். கட்டில் முனகியது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். பின்னாலேயே டாக்டரும் வந்தார். வயதில் இளையவர், முகத்தில் களைப்பு.

"குளத்துக் கேசு டாக்டர்" என்றார் ஏழுமலை. "வேட்டி ஈரம் பாருங்க. நாமம் வேற."

கோவிந்தசாமி கண்ணைத் திறந்து என்னைக் காட்டி, "மாப்ளைக்கு..." என்று ஆரம்பித்தார். சிஸ்டர் அந்த வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். "பேசக் கூடாது. பல்லு படாம வெச்சிக்கினு இருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவருக்கு என்ன உறவு?"

"மச்..." என்றேன். மூச்சு தீர்ந்தது. இன்னொன்றைத் தேடிப் பிடித்து, "சான்" என்றேன். பிறகு, "அவரு... இல்ல... நானு..."

"பதட்டப்படாதீங்க. உங்க மச்சானுக்கு ஒண்ணும் ஆகாது."

"இவரு ஏன் டாக்டர் இப்டி மூச்சு வாங்கறாரு?" என்று சிஸ்டர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

"பாவம், அவர தூக்கிக்கினு ஓடியாந்திருப்பாரு" என்றார் ஏழுமலை.

மூவரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். என்னைப்போல இரண்டு ஆளுக்குச் சமமான மனிதரை நான் தூக்கி வந்தேன் என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் சந்தேகிக்கவில்லை. கோவிந்தசாமி தெர்மாமீட்டரோடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து, அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் குனிந்து அவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். என் இழுப்புச் சத்தம் வராந்தாவின் மறு கோடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்ததால் அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

மூலையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்க வேண்டும். அதன் பிறகு அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"குளுகோஸ் போடுங்க" என்றார் டாக்டர்.

நான் என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். ஏழுமலை என் தோளைப் பிடித்து அன்பாக எழுப்பினார். "உங்க மச்சான் நெஞ்சு நல்லாத்தான் கீது. டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க வெளிய இருங்க. தண்ணி கிண்ணி குடிங்க."

வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

துண்டு விரித்தேன்

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நகங்களைப் பார்த்தேன். நீலம் பாய்ந்திருந்தது. கழுத்து எலும்புக்கு மேலே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுவது எனக்கே தெரிந்தது. இதற்கு முன் பல முறை இழுத்திருக்கிறது. ஆனால் இந்த அளவுக்கு வந்ததில்லை. வாசலுக்கு உள்ளே மருந்து இருக்கிறது, போடத் தெரிந்த டாக்டர் இருக்கிறார். வெளியே நான் செத்துப்போவேன். மறுநாள் ஏழுமலை என் மனைவியிடம், "கூட வந்தவரும்மா, மச்சான் மேல அவ்ளோ பாசம்" என்று சொல்வார்.

பேச முடியாது. கத்த முடியாது. சைகை செய்தாகிவிட்டது. இவர்களுக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான் மீதி இருந்தது.

தோளில் இருந்த துண்டை எடுத்தேன். அந்த நிலையிலும் அதை உதறி, மடிப்பு நீக்கி, வாசற்படிக்கு உட்பக்கமாக விரித்தேன். தரை சுத்தமாக இல்லை. பிறகு படுத்தேன்.

அது எப்படி இருந்தது என்று சொல்ல முயல்கிறேன். கிணற்றில் முழுகியவனுக்குக் கூட மேலே போனால் காற்று இருக்கிறது என்ற தைரியம் உண்டு. எனக்கு மேலே காற்று இருந்தது, முகத்தில் பட்டது, அது எனக்கு உதவவில்லை. எழுந்து உட்காரச் சொல்லி உடம்பின் ஒவ்வொரு எலும்பும் கெஞ்சியது. கைகளைப் பக்கவாட்டில் இறுக வைத்துக்கொண்டேன். எழுந்தால் மறுபடி கூட வந்தவனாகிவிடுவேன்.

கூரையில் ஒரு பல்லி இருந்தது. கூரை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது.

"சிஸ்டர், இங்க ஒரு பேஷண்டு படுத்துக்கினு கீறாரு."

"எப்ப வந்தாரு?"

"இப்பத்தான் வந்தாரு போல."

ஏழுமலையின் குரல்தான். அவ்வளவு இனிமையான குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

சர்க்கரையும் விரதமும்

டாக்டர் ஓடி வந்தார். என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த உடனே நிமிர்ந்தார்.

"இது ஆஸ்துமாவாச்சே. யார் இவர படுக்க வெச்சது? தூக்கி உக்கார வைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் மூச்சு வேண்டுமே.

கையில் தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டார். பிறகு நரம்பில் அமினோஃபிலின். அதை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சிரிஞ்சை நகர்த்துவது தெரியாதபடி மெதுவாக ஏற்றினார். உடம்பு சூடாகியது, நெஞ்சு படபடத்தது, வாந்தி வருவதுபோல இருந்தது. கேட்டுக்கேட்டு நிறுத்தி, மறுபடி ஏற்றினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போடுவதில் அவர் கெட்டிக்காரர். யாருக்குப் போடுவது என்பதில்தான் சின்னத் தடுமாற்றம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று காலி செய்ய ஆரம்பித்தது. முதலில் ஒரு இருமல் வந்தது, அப்புறம் ஒரு பெருமூச்சு. சிலிண்டரைத் திறக்கும் ஸ்பானர் வேறு கட்டடத்திலிருந்து வந்து சேர்ந்தபோது, எனக்கு அது தேவைப்படவில்லை. சிலிண்டர் பூசைப் பொட்டு கலையாமல் தப்பித்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். ரொம்ப அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அதற்குள் கோவிந்தசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் நல்ல தெளிவு. கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"எனக்கு இன்னாத்த ஏத்தினீங்க?"

"குளுகோஸ்" என்றார் சிஸ்டர்.

"அப்டின்னா?"

"சக்கரைதான். தெம்புக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "அடப்பாவிங்களா. அமாவாச விரதம்மா நானு. காக்காவுக்கு இன்னும் வெக்கல. எங்கப்பன் காத்துக்கினு இருப்பாரே."

சிஸ்டர் யோசித்தார். "வாய் வழியா போகலையே பெரியவரே."

அவரும் யோசித்தார். அதில் இருந்த நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது. "அப்போ விரதம் கெடல, இல்ல?" என்று என்னைக் கேட்டார். கெடவில்லை என்று தலையாட்டினேன். என்னைச் சுமந்து வந்த மனிதருக்கு அந்த அளவாவது செய்ய வேண்டாமா?

சரோஜா விஷயம் தெரிந்து ஓடி வந்தாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணா, ஒர்த்தர ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்தா, அவருக்கு வைத்தியம் பாக்க உடணும். நீ போய் படுத்துக்கினு வைத்தியம் பண்ணிக்கினியா?"

"நான் இன்னா பண்றது? வாயில கண்ணாடிக் குச்சிய சொருகிட்டாங்க. எப்டியோ பொழச்சிட்டாரு பாரு. நல்ல வெல்லம்னு சொன்னனா இல்லியா?"

திருவாலங்காட்டில் அந்தக் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. குளத்தில் மயங்கிய கோவிந்தசாமியைத் தங்கை புருஷன் முதுகில் சுமந்து காப்பாற்றினான் என்று. ஜட்காவில் வந்த யாரோ பார்த்ததாகவும் சொன்னார்கள். கோவிந்தசாமி மறுத்துப் பார்த்து, அலுத்து, பிறகு விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த ஊருக்குப் போனால் எனக்குத் தனி மரியாதை.

அன்று இரவு ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள். தலையணைகளை அடுக்கி, அதன் மேல் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது தூக்கம்தான்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் பார்வையிட வருகிறார் என்று ஏழுமலை கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "எல்லாம் படுங்க, படுங்க. உக்காந்துக்கினு இருந்தா ஊட்டுக்கு அனுப்பிடுவாரு." என் கட்டிலுக்கு வந்து போர்வையை இழுத்து விட்டார். அன்று காலையில் எழுந்து நான் முதலில் செய்த காரியம், அவருக்குப் பதில் சொன்னதுதான்.

"நான் படுக்க மாட்டேன் ஏழுமலை, உக்காந்துக்கினேதான் இருப்பேன், உக்காந்துக்கினு கீறவனையும் ஒரு தபா பாக்கச் சொல்லு உங்க பெரிய டாக்டர."

நடுவில் எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னேன்.